சாத்தூர்ச் சாவடியில் ஒரு காதுகுத்து

புறப்படுவதற்கு முன் வண்டி கேட்கும் கேள்விகளுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் அது நகராது. "சன்னல்கள் பூட்டியாயிற்றா? காற்றுவடிகட்டி புதியதா? சிறுவர் கழிகலன் காலியாக உள்ளதா?" கடைசிக் கேள்வி வரும்போது மட்டும் என் மனைவி தமயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். திருப்பூரிலிருந்து சாத்தூர்ச் சாவடிக்கு நான்கு மணி நேரம். தாராபுரம் தாண்டியதும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் திறக்காது. இதை மூன்று வயதுப் பையனுக்குப் புரியவைத்தவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழ நான் தயார்.

எங்கள் மூன்று வயதுப் பையன் ஆதன், பழனி மலை தெரிவதற்குள் இரண்டு முறை கலனைக் கேட்டான். இரண்டு முறையும் உட்கார்ந்த பிறகு வேண்டாம் என்றான். அவன் அக்கா பூவிழி பட்டுப்பாவாடை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்று இரண்டு பேருக்கும் காதுகுத்து. பூவிழிக்கு ஆறரை வயது. எப்போதோ குத்தியிருக்க வேண்டும். தம்பி பிறக்கப்போகிறான், சேர்த்துச் செய்துவிடலாம் என்று தள்ளிப்போட்டோம். எங்கள் குடும்பத்தில் எல்லா நல்ல காரியத்தையும் இப்படித்தான் சேர்த்துச் செய்வதாகச் சொல்லி ஊறப்போடுவோம்.

"அப்பா, குத்துனா வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் கண்ணு."

"கட்டெறும்பா, சித்தெறும்பா?"

"சித்தெறும்பு."

"மாமா வீட்டுல என்னைக் கட்டெறும்பு கடிச்சுது. அத்தை வெங்காயம் தேச்சாங்க. மாமா மடியில நான் வலது பக்கம் உக்காருவேன். தம்பி இடது பக்கம். மாமா சொல்லிட்டாரு."

"எல்லாம் மாமாவும் அத்தையும்தான் முடிவு பண்ணுவாங்களா? நாங்க எதுக்கு?" என்றாள் தமயந்தி.

"நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க" என்றாள் பூவிழி, சர்வ சாதாரணமாக.

அவளுக்கு அது சாதாரணம்தான். பிறந்ததிலிருந்து அவள் கண்ட உலகம் அப்படி. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது மாதம்தான் மூச்சுப்பூஞ்சை வந்தது. ஆற்றுக்கு ஆறு அதன் வகை வேறு. அந்த ஆண்டு யார் எந்த ஆற்றுப் படுகையில் மூச்சுவிட்டார்களோ, அந்தப் படுகையின் பூஞ்சையை மட்டுமே அவர்கள் நுரையீரல் ஏற்றுக்கொண்டது. வேறு படுகைக் காற்று பத்து நாளில் ஆளைக் கொன்றது. அரசாங்கம் இதை 'நுரையீரல் படிவு' என்று எழுதியது. ஜனங்கள் 'மூச்சு ஊன்றிவிட்டது' என்று சொன்னார்கள். எனக்கும் தமயந்திக்கும் நொய்யலில் ஊன்றியது. கோவில்பட்டியில் இருந்த அவள் அண்ணன் வேல்ச்சாமிக்கும் அவர் மனைவி சீதாலட்சுமிக்கும் வைப்பாற்றில் ஊன்றியது. தினமும் திரையில் பேசிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறை சாவடியில் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். அண்ணனும் தங்கையும் தொட்டுக்கொண்டு ஏழரை ஆண்டுகள் ஆகின்றன.

குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. ஏறக்குறைய ஏழு வயது வரை மூச்சு எங்கேயும் ஊன்றாது. எந்தக் காற்றையும் தாங்கும். அதனால் பிள்ளைகள்தான் இப்போது உறவுக்காரர்கள். கோடை விடுமுறை வந்தால் பூவிழி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மாமா வீட்டில் இருந்துவிட்டு வருவாள். வேல்ச்சாமிக்குக் குழந்தை இல்லை. ஆண்டு முழுவதும் அந்த வீடு அவளுக்காகக் காத்திருக்கும்.

வண்டி வத்தலக்குண்டைத் தாண்டியபோது தமயந்தி என் தோளைத் தட்டினாள். "கவனிச்சீங்களா? ஏறுனதுலருந்து ஒரு தடவகூட இருமல."

உண்மைதான். மூன்று மாதமாகப் பூவிழியை இருமல் விடவில்லை. எங்கள் தெரு மருத்துவர் சளி என்று சொல்லி மருந்து மாற்றி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா வீடுன்னா இருமல்கூட ஓடிப்போயிருது" என்றேன். எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

சாவடியில் ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓர் அறை. நொய்யல் அறையில் எங்கள் ஊர்க் காற்றை உருளைகளில் கொண்டுவந்து நிரப்பியிருப்பார்கள். நாங்கள் உள்ளே போனதும் எதிர்ச் சுவரின் கண்ணாடிக்கு அப்பால் வேல்ச்சாமி எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, பக்கத்தில் சீர்த்தட்டுகள். காது குத்தும் ஆசாரி ஒரு மூலையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி" என்றார் வேல்ச்சாமி ஒலிபெருக்கியில். "மாப்ள, வயிறு குறைஞ்ச மாதிரி இருக்கே?"

"கண்ணாடி அப்படிக் காட்டுது மச்சான்."

சோதனைச் செவிலி ஜெபமணி எங்களுக்குப் பழக்கமானவர். ஆதனைக் குழாயில் ஊதச் சொன்னார். அவன் எச்சில் துப்பினான். அதுவே போதுமென்று எடுத்துக்கொண்டார். அடுத்துப் பூவிழி ஊதினாள். கருவியைப் பார்த்த ஜெபமணி, இன்னொரு குழாயை மாட்டி மறுபடியும் ஊதச் சொன்னார். பிறகு மூன்றாவது குழாய்.

"சார், நீங்க மட்டும் கொஞ்சம் இப்படி வாங்க."

மேசைக்குப் பின்னால் போனேன்.

"பாப்பாவுக்கு மூச்சு ஊன்றிருச்சு சார்."

"ஏழு இன்னும் ஆகலைங்களே."

"ஆறுலயும் சில பேருக்கு ஊன்றும்."

பட்டுப்பாவாடையும் சீர்த்தட்டுகளும் கண்ணில் ஓடின. இனி அவளும் எங்களோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான். பிள்ளை அழுது ஊரைக் கூட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "அப்ப இனிமே மாமா வீட்டுக்குப் போக முடியாதுங்களா?"

ஜெபமணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "போகலாம் சார். திரும்பி வரத்தான் முடியாது. வைப்பாத்துல ஊன்றிருக்கு. அங்க போன வருஷம் எத்தன நாள் இருந்தா?"

"அஞ்சு மாசம்."

நாற்பது நாளுக்கு மேல் வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பியவர் அவர்தான்.

போன ஆண்டு விடுமுறை முடிகிற நேரத்தில் ஆதனுக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை என்றால் மற்றதை உறவுக்காரர் வீட்டில் விட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை அவள் அங்கேயே இருக்கட்டும் என்று நீட்டிப்புக் கடிதம் எழுதினேன். தண்ணீர் ஊற்றியாயிற்று. இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமே என்று சீதாலட்சுமி திரையில் கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சி கேட்பதுபோல் ஆசையாகக் கேட்டாள். சரி என்றேன். அடுத்த மாதமும் கேட்டாள்; அதற்கும் சரி என்றேன். தமயந்திதான் போதும் போதும் என்றாள். வீட்டில் ஒரு பிள்ளையோடு இருப்பது கொஞ்சம் ஓய்வாக இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கடிதங்களில் இருப்பது என் கையெழுத்து.

தமயந்தியிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. ஜெபமணியிடம் நேராகப் போனாள்.

"இன்னைக்கு ராத்திரி மட்டும் வீட்டுல படுக்க வச்சுக்கிறேன். காலைல நானே கூட்டிட்டு வந்து விட்டுர்றேன்."

"அம்மா, மூணு மாசமா இருமுறான்னு சொன்னீங்க. அது சளி இல்ல. கொஞ்சங்கொஞ்சமா ஊன்றுனதால இத்தன நாள் நம்ம காத்தத் தாங்குனா, இப்ப முழுசா ஊன்றிருச்சு. வண்டிக்குள்ள வடிகட்டுன காத்து, அதான் நின்னுது. இந்த அறைக் காத்தே அவளுக்கு ஆகாது. அரை மணி நேரம் தர்றேன். அதுக்கு மேல என்னால ஆகாதும்மா."

சொல்லி வைத்தாற்போல் அப்போது பூவிழி இருமினாள்.

தமயந்தி தரையில் உட்கார்ந்து பூவிழியின் பையைத் திறந்தாள். "ரெண்டு நாளைக்குத்தான் துணி எடுத்தாந்தேன்" என்றாள் என்னிடம். "பச்சைக் கவுனைக்கூட எடுத்து வைக்கல. கொடியில காயுது." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எல்லாத் துணியையும் வெளியே எடுத்து, மறுபடி மடித்து உள்ளே வைத்தாள்.

பூவிழியிடம் நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. மண்டியிட்டு, அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு, இனிமே நீ மாமா வீட்டுல இருந்துதான் பள்ளிக்கூடம் போகணும்."

"எத்தன நாளைக்கு?"

"ரொம்ப நாளைக்கு."

"அப்ப இருமல் மருந்து குடிக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

அவள் முகம் மலர்ந்தது. அழுதால் தேற்றலாம் என்று பத்துச் சொற்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லை. தமயந்தி அவளை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். பூவிழி சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு நெளிந்தாள்.

"அம்மா, விடும்மா. ஆசாரி போயிருவாரு."

அந்த அரை மணி நேரம் முழுவதும் தமயந்தி விடவில்லை.

பூவிழி அந்தப் பக்கம் போக, இரட்டைக் கதவு திறந்து மூடியது. அந்தப் பக்கத்து ஜெபமணி, அதாவது அங்கேயும் இருக்கும் ஒரு செவிலி, காகிதத்தை வேல்ச்சாமியிடம் கொடுத்தார். படித்ததும் அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சீதாலட்சுமி காகிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அந்தக் கணத்தைப் பார்த்துவிட்டேன். அதற்காக அவளை வெறுக்க முயன்றேன். என்னால் முடியவில்லை.

"தம்பி வரலியா?" என்றது பூவிழியின் குரல் ஒலிபெருக்கியில். மாமாவின் வலது தொடையில் ஏறி உட்கார்ந்து இடது தொடையைத் தட்டிக் காட்டினாள். "ஆதா, வாடா! இது உன் எடம்!"

ஆதன் தாயின் இடுப்பிலிருந்து இறங்கத் துள்ளினான்.

"ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் ஜெபமணி. "இவனுக்கு இன்னும் மூணு நாலு வருஷம் இருக்கு."

"விடமாட்டேன்" என்றாள் தமயந்தி. "இவனை விடமாட்டேன்."

"தமயந்தி, ஒரு மணி நேரம்தான். அவ தனியா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க."

நான் ஓர் அடி விலகி நின்றேன்.

வேல்ச்சாமி பூவிழியை அணைத்தபடியே கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "தாயி, அனுப்பாத. நான் சொல்றேன், அனுப்பாத. உன் பிள்ளை உங்கிட்டயே இருக்கட்டும். இவளை நான் பாத்துக்கிடுதேன். நான் பாத்துக்கிடுதேன் தாயி."

ஏழரை ஆண்டுகளாக அண்ணனும் தங்கையும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் இரண்டு பேருக்கும் நடுவே ஓடிப் போய்வர ஒரு பிள்ளை இருந்தாள். இனி ஆதனுக்கும் அவன் அக்காவுக்கும் நடுவே யார் போய்வருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசாரி முன்னால் வந்து உட்கார்ந்தார். மஞ்சள் தொட்டு இடம் குறித்தார். வேல்ச்சாமி ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பூவிழி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "சித்தெறும்புதான்!" என்று கத்தினாள், ஆதனுக்குத் தைரியம் சொல்வதுபோல.

ஊசி இறங்கியது.

அவள் வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வீறிட்டாள். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். அடுத்த கணம் எங்கள் பக்கம் திரும்புவாள், அம்மா என்பாள், நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று கையாட்டலாம் என்று காத்திருந்தேன். அவள் திரும்பவில்லை. மாமாவின் மடியிலிருந்து சறுக்கி இறங்கி, பக்கத்தில் குனிந்து நின்ற சீதாலட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். சீதாலட்சுமி அவள் முதுகைத் தடவியபடி எங்களைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், மன்னிப்புக் கேட்பதுபோலப் பார்த்தாள்.

அவளை ஒரு முறையாவது இந்தப் பக்கம் பார்க்கவைக்க வேண்டும்போல் இருந்தது. கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினேன்.

தமயந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதீங்க" என்றாள். "அங்கயே அழுது முடிக்கட்டும்."