அவளுக்குப் பதிலாக உட்கார்ந்தவன்

பாஸ்டரம்மா வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமை பகலில் உபவாச ஜெபம் நடக்கும். சுவரில் ஓதம் ஏறிய பழைய வீடு. எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அன்றைக்கும் தையல் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். படியேறும்போதே வாசலில் அவனுடைய செருப்பைப் பார்த்துவிட்டேன்.

அவன் என் தங்கை புருஷன், கொத்தனார். போன மழைக்காலத்தில் என் தங்கை, எங்கள் வீட்டுச் சின்னவள், காணாமல் போனாள். எவனோடோ ஓடிவிட்டாள் என்று தெருத் தெருவாகச் சொன்னவன் இவன்தான். ஓடிவிட்டாளாம்! கடைத்தெருவுக்குப் போனாலே என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறவள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து என் கால் தேய்ந்ததுதான் மிச்சம். உயிரோடு இருக்கிறாளா, இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும் என்றுதான் வாராவாரம் ஜெபத்துக்குப் போய் அழுதுகொண்டிருந்தேன்.

எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வர முடியாதவருக்குப் பதிலாக நெருங்கிய சொந்தம் ஒருவர் நடுநாற்காலியில் உட்காருவார். மற்றவர்கள் அவர் தலையில் கைவைத்து, வராதவருக்காக மன்றாடுவோம். ஆமென் சொல்லும்வரை உட்கார்ந்திருப்பவர் அந்த இன்னொருவர்தான். சின்னவளுக்காக எப்போதும் நான்தான் உட்காருவேன்.

"இன்னிக்கு நான் உட்கார்றேன்க்கா" என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "புருஷன் நான் இருக்கேன்ல? எனக்கில்லாத உரிமையா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. இந்த ஐயாவுக்கு இரண்டாம் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சபையில் நல்ல பெயர் வேண்டியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்டரம்மா என் கையை அமுக்கினார். "உட்காரட்டும்மா. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மாம்சம்னு வேதமே சொல்லுது. உன்னைவிட அவர் அவளுக்குக் கிட்ட."

உட்கார்ந்தான். கண்ணை மூடி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். பாஸ்டரம்மா, வாராவாரம் வருகிற நர்ஸம்மா, நான், மூன்று பேரும் அவன் தலையில் கைவைத்தோம். முழு வழுக்கை, வியர்வையில் வழுக்கியது. பாஸ்டரம்மா சின்னவளுடைய பெயரைச் சொல்லி ஆரம்பித்தார்.

முதலில் வாடைதான் வந்தது. அப்போதுதான் குழைத்த சிமெண்ட் வாடை. பக்கத்தில் எங்கேயோ வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நெளிந்தது.

முடி.

ஈரமான, நீள முடி. நடுவில் நேர்வகிடு. எத்தனை வருஷம் நான் சீப்பு பிடித்து எடுத்த வகிடு! கண்ணைத் திறந்து பார்த்தேன். வழுக்கைத் தலைதான் இருந்தது. கைக்கு மட்டும் முடி தட்டுப்பட்டது.

"பெரிசு" என்றான்.

குரல் அவனுடையதுதான். ஆனால் என்னைப் பெரிசு என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் உண்டு.

"பெரிசு... மூச்சு விட முடியலை."

கையை எடுக்காமலே கேட்டேன். "எங்கடி இருக்கே?"

"எங்க வீட்டுப் புது மாடிப்படிக்கு அடியில." வாயோரம் சாம்பல் நிறத்தில் ஏதோ வழிந்தது. "உயிர் இருந்துச்சு பெரிசு. அப்பவே பூசிட்டான்."

நர்ஸம்மா அலறிக்கொண்டு கையை உதறினாள். பாஸ்டரம்மாவும் பின்னால் நகர்ந்தார். அவன் கண்கள் பிதுங்கின. இருமினான். அவன் சட்டை மேல் கொழகொழவென்று ஈரச் சிமெண்ட் விழுந்தது. இப்போது பார்த்தது அவன்தான். அந்தப் பயம் அவனுடைய பயம்.

"அக்கா... கையை எடுங்க. எனக்காக... ஜெபம் பண்ணுங்கக்கா."

"எடுத்துடும்மா!" என்று பாஸ்டரம்மா கதறினார். "செத்துடுவான்!"

நான் எடுக்கவில்லை.

"இந்த நாற்காலியில நீ இல்லடா" என்றேன். "என் தங்கச்சி உட்கார்ந்திருக்கா. அவளுக்காகத்தான் ஜெபிச்சிட்டிருக்கேன்."

அவசரப்படவில்லை. அவள் உடம்புக்காக ஜெபித்தேன். பெறாமல் போன பிள்ளைகளுக்காக ஜெபித்தேன். அவள் பட்ட அடிகளை, எனக்குத் தெரிந்ததை எல்லாம், ஒவ்வொன்றாகக் கர்த்தரிடம் சொன்னேன். என் கைக்கடியில் அவன் துடித்துக்கொண்டிருந்தான். எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைப்பானேன்? எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் ஆமென் சொன்னேன்.

மாடிப்படியை அன்று சாயங்காலமே போலீஸ்காரர்கள் இடித்தார்கள். சின்னவள் அங்கேதான் இருந்தாள். நானே குளிப்பாட்டி, நானே புடவை சுற்றினேன். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினோம்.

அவன் சாகவில்லை. ஜெயில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நுரையீரல் கல்லாக இறுகிக்கொண்டே வருகிறதாம், டாக்டர்களுக்குக் காரணம் புரியவில்லையாம். தினமும் ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான், அக்கா ஒரே ஒரு தடவை எனக்காக ஜெபிக்கணும் என்று.

பாஸ்டரம்மாவும் விடவில்லை. "சத்துருவுக்காகவும் ஜெபிக்கச் சொல்லியிருக்காரேம்மா. நீ ஆண்டவர் பிள்ளையில்லையா?"

அவர் அழுததைப் பார்த்து எனக்கும் மனசு கேட்கவில்லை. நேற்று மத்தியானம் கடைக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு முழங்கால் போட்டேன். பொய்யில்லை, நிஜமாகவே முயற்சி பண்ணினேன்.

"ஆண்டவரே, அந்தப் பாவிக்கும்..."

ஒரு கை என் வாயைப் பொத்தியது.

சின்னக் கை. சில்லென்று இருந்தது.

நான் திமிறவில்லை. "சரிடி" என்று மனசுக்குள் சொன்னேன். கை மெதுவாக விலகியது. தாழ் போட்டது போட்டபடி இருந்தது. எழுந்து, அளவு பார்க்கிற கண்ணாடி முன்னால் போய் நின்றேன்.

என் உதட்டின் மேல் நான்கு விரல் தடங்கள், சிமெண்டின் சாம்பல் நிறத்தில், காய ஆரம்பித்திருந்தன. துடைக்க எனக்கு மனசு வரவில்லை.