ஆண் செடி இல்லாத கொட்டில்

தலைத்துணியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை ரேவுலி முதலில் சமையல் மஞ்சள் என்றுதான் நினைத்தாள். விரலால் தேய்த்தாள். மஞ்சளாக இருந்தால் கறை விட்டிருக்கும். இது விரல் நுனியில் மாவுபோல வழுக்கியது. அவள் மூச்சுப் பட்டதும் எழும்பி, கொட்டில் கூரையின் பிளாஸ்டிக் தாள் வழியே இறங்கிய மங்கல் வெளிச்சத்தில் சற்று நேரம் மிதந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். பாங்குச் செடியின் பூம்பொடி. ஆண் செடி மட்டுமே உதிர்க்கிற பொடி.

கொட்டிலில் ஓர் ஆண் செடிகூட இல்லை.

இருந்தவற்றையெல்லாம் அவளே பிடுங்கிவிட்டாள். ஆண் எது பெண் எது என்று பூக்கும் முன்பே கணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். சின்னச் சின்ன உருண்டைகள் கொத்தாகத் தொங்கினால் ஆண். இரண்டு வெள்ளை நூல் முடிபோல நீட்டிக்கொண்டிருந்தால் பெண். ஆணைக் கண்ட அன்றே அடித்தண்டைப் பிடித்து இழுத்துவிடுவாள். ஈரமண் வேரை விடும்போது நரநரவென்று ஒரு சத்தம் வரும். அது காதுக்குப் பழகிய சத்தம்.

இன்று மறுபடி ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். அவளைவிட உயரமாக நெருங்கி நின்றன. இலைகளை விலக்க விலக்க அந்தப் பச்சை வாடை, பிசினும் பழைய புகையும் கலந்ததுபோல, தொண்டைவரை இறங்கியது. இடுப்பு வலித்தது. குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். எல்லாம் பெண். எல்லாவற்றிலும் வெள்ளை நூல்கள். சிலவற்றில் நூல் பழுப்பேறிச் சுருண்டு, கீழே விதை கட்டத் தொடங்கியிருந்தது.

மேலே, பலகைத் தளத்துக்கு அப்பால், அவள் கணவன் ஜமன் சிங் இருமினார்.

"வரேன்" என்றாள் ரேவுலி, யாருக்கும் கேட்காத குரலில்.

சமவெளிக்காரர்கள் இந்தச் செடியைக் கஞ்சா என்று சொல்லிக் கண்ணடிப்பார்கள். குமாவுன் மலையில் அதன் விதை துவையல், அதன் நார் கயிறு, சாக்கு. குரங்கும் காட்டுப்பன்றியும் வயலில் எதையும் விட்டுவைப்பதில்லை. அவை வாய் வைக்காத பயிர் இது ஒன்றுதான். அதனால்தான் ரேவுலிக்கு அந்த ஆசை வந்தது. பெரிய விதையாக, உள்ளே பால் நிறைந்ததாக, முற்றினாலும் மண்ணில் கொட்டிப்போகாததாக, போதை குறைந்ததாக ஒரு நல்ல ரகத்தை உருவாக்க வேண்டும். கோயில் சரிவு, கழுதைப் பாதை, பிறர் வயல் வரப்பு என்று அலைந்து விதை பொறுக்கினாள். வெளியே விதைத்தால் காற்று எங்கெங்கிருந்தோ பொடியைக் கொண்டுவந்து கலந்துவிடும். மாடுகளை விற்ற பிறகு வீட்டின் கீழ்த்தளத்துக் கொட்டில் சும்மாதான் கிடந்தது. மாடிக்கு வெளியே முன்னால் நீண்டிருந்த அதன் கூரைச் சாய்வில் கற்பலகைகளைப் பெயர்த்துப் பிளாஸ்டிக் தாள் கட்டினாள். மூன்று பக்கமும் சுவர், ஒரு கதவு. கலப்படத்துக்கு வழியில்லை.

பொறுக்கிய விதைகளில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. மலைக்கு மேலே, மேட்டூர் என்று இவர்கள் சொல்லும் இடத்தில் எடுத்தது. மலைமுகட்டில் இருந்த அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை. கூரை விழுந்த ஒரு வீட்டின் நடு அறையில் ஒரே ஒரு பாங்குச் செடி, உத்தரத்துக்கு மேலே தலை நீட்டி நின்றது. விதை ஒவ்வொன்றும் மிளகைவிடப் பெரியது. மடி நிறைய உருவி வந்தாள். இந்த வருடம் கொட்டில் முழுவதும் அதுதான். அதற்குத் தகப்பனாக அவள் தேர்ந்தெடுத்தது கோயில் சரிவுச் செடி ஒன்று. அது ஓடைக்கு அப்பால், அக்கா முறையில் தீதி என்று அவள் கூப்பிடும் கஸ்தியின் வீட்டுப் பின்புறம், ஒரு பழைய எண்ணெய் டின்னில் வளர்ந்துகொண்டிருந்தது. அது இன்னும் மொட்டே விடவில்லை.

அப்படியானால் இந்தப் பொடி?

யோசிக்கத் தெம்பில்லை. ஊற்றிலிருந்து தண்ணீர், காட்டிலிருந்து விறகு, பிறகு அவர். வசந்தத்தில் மலையடிவார நகரமான ஹல்த்வானியிலிருந்து வந்து இறங்கியபோது ஜமன் சிங்கைப் பேருந்திலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். இளமை முழுவதும் ஓட்டல் அடுப்படிப் புகையில் பாத்திரம் கழுவி, நெஞ்சை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். காலை, மாலை இரு வேளையும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி அவரை வெளியே கொண்டுபோக வேண்டும். ரொட்டி இறங்காது, சோறு இறங்காது. அவர் விரும்பிக் கேட்டது ஒன்றைத்தான்.

"அந்த மேட்டூர் வித குடு. வறுக்க வேணாம். பச்சையாவே நல்லாருக்கு."

விதைத்தது போக மிச்சமிருந்ததை அவர் கை கையாக அள்ளி மென்றார். பாதியை மெல்லாமலே விழுங்கினார். ஏதோ சாப்பிடுகிறாரே என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறுநாள் கஸ்தி தீதியே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாயும் கையும் ஓயாத பெண். விறகுக்கும் புல்லுக்கும் இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள்.

"இந்தா உன் மாப்பிள்ளை. மொட்டு விட்டுட்டான். இனி உன் வீட்டுலயே வச்சுக்க. என் வீட்டு ஆம்பளைக்குத் தண்ணி ஊத்தவே எனக்கு நேரம் பத்தல" என்றபடி கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தவள், ஒரு கொத்தை இழுத்து நகத்தால் கீறினாள். பச்சையாக ஒரு விதை துருத்தியது. சிரித்தாள். "அடியே, மாப்பிள்ளை வர்றதுக்கு முந்தியே பொண்ணுங்க முழுகாம இருக்குதே! யாருடி வந்துட்டுப் போறது?"

"அதான் தீதி எனக்கும் புரியல. ஒரு ஆண்கூட இல்ல. பாத்துட்டேன்."

"எங்க பொறுக்கின வித?"

"மேட்டூர். குசாயி வீடு இருந்துச்சே, அங்க."

கஸ்தி கொத்தை விட்டுவிட்டாள். விட்ட கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்த இடத்தில் மஞ்சளாக ஒரு தடம்.

"அங்கயா போன" என்றாள். "குசாயியும் உன் வீட்டுக்காரர் மாதிரிதான், சீக்கா ஊருக்குத் திரும்பி வந்தாரு. நான் புல்லு அறுக்க அந்தப் பக்கம் போறப்ப அவர் பொண்டாட்டிகிட்ட கேப்பேன், எப்படி இருக்காருன்னு. உள்ள இருக்காரும்பா. அடுத்த வருசம் கேட்டேன். உள்ள இருக்காரு. அப்புறம் அவளும் செத்துப்போனா, எரிச்சாங்க. அவரை எரிச்சதா யாரும் சொல்லல. ஆத்தங்கரைக்கு அவரு பாடையே வரல."

"ஊரை விட்டுப் போயிருப்பாரு."

"நடக்க முடியாதவரு எங்கடி போவாரு?" கஸ்தி டின்னை வாசலிலேயே இறக்கி வைத்தாள். "எல்லாத்தையும் வெட்டிப் போட்டு எரிச்சிரு. துவையலுக்கு வித நான் தரேன்."

அவள் போன பிறகு ரேவுலி வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். வெட்டலாம். ஆனால் அதற்கு எழ வேண்டும், அரிவாளைத் தீட்ட வேண்டும், இத்தனை வருட உழைப்பைத் தன் கையாலேயே சாய்க்க வேண்டும். நாளைக்கு, என்று நினைத்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. விடிந்ததிலிருந்து மேலே இருமல் சத்தமே இல்லை.

ஓடிப் போய்ப் பார்த்தாள். ஜமன் சிங் நன்றாகத்தான் இருந்தார். கண்ணை மூடி, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். மூச்சு நீளமாக, சீராக வந்தது.

"ரொட்டி சுடட்டுமா?"

"வேணாம். தண்ணி மட்டும் குடு." செம்பை ஒரே மூச்சில் காலி செய்தார். "கட்டில சன்னலோரம் தள்ளு. வெளிச்சம் பத்தல."

தள்ளினாள். தலையணையைத் தட்டிப் போடும்போது அதிலிருந்து மெல்லிய மஞ்சள் புகை எழுந்தது. அவர் உதட்டோரமும் மஞ்சளாக இருந்தது. காமாலையோ என்று கண் இமையை விலக்கிப் பார்த்தாள். வெண்விழி வெள்ளையாகவே இருந்தது.

இருமல் நின்றதால் அன்றிரவு ரேவுலி தூங்கினாள். வசந்தத்துக்குப் பிறகு முதல் முறையாக, கனவில்லாமல், கல்போல. அதற்கு அடுத்த இரவும். அந்தத் தூக்கம் எவ்வளவு ருசியாக இருந்ததென்றால், காலையில் மரப்படியில் மஞ்சளாகப் பதிந்திருந்த வெறுங்கால் தடங்களைப் பார்த்தபோதும், அவை மேலிருந்து கீழே போய் மறுபடி மேலே வந்திருந்தபோதும், ஈரத்துணியை எடுத்துத் துடைத்துவிட்டாள். தன் காலாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். தன் காலைவிடத் தடம் பெரியது என்பதை அவள் கை அறிந்திருந்தது. துணியைப் பிழிந்தபோது தண்ணீர் மஞ்சளாக ஓடியது.

அவர் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. குடத்தைச் சுமந்து சுமந்து அவள் தோள் மரத்துப்போனது. உடம்பு துடைக்கும்போது முதுகுத் தோல் ஈரமாக, குளிர்ந்து, தண்டைத் தொட்டதுபோல நரம்போடியிருந்தது. வாசலில் இருந்த டின் செடி வாடிச் செத்துக் கிடந்தது. வேறெங்கோ ஆண் வாடை கண்டு வெட்கப்பட்டதுபோல, தண்டு வளைந்து, தலை மண்ணில் கிடந்தது.

அதைப் பார்த்த பிற்பகலில்தான் அவள் அரிவாளை எடுத்தாள்.

மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மழை மாதத்தின் கடைசிப் பனி. முற்றத்துக் கற்களையும் மாதுளை மரத்தையும் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்து வாசற்படியில் நின்றது. அரிவாளைக் கல்லில் இழுத்தாள். அந்தச் சத்தம்கூடப் பஞ்சுக்குள் புதைந்ததுபோல மந்தமாகக் கேட்டது. முதலில் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம் என்று செம்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

கட்டில் காலியாக இருந்தது.

போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மெத்தையில் ஓர் ஆள் அளவுக்கு மஞ்சள்.

"எங்க இருக்கீங்க?"

பலகைத் தளத்தின் இடுக்குகள் வழியே கீழிருந்து வாடை வந்தது. பிசின் வாடை. பழைய புகை வாடை. ஓட்டல் அடுப்படியில் கழித்த வருடங்களை அவர் சட்டை எப்படிச் சுமந்து வந்ததோ, அதே புகை.

இறங்கினாள். செம்பு கையிலேயே இருந்தது. மறுகையில் அரிவாள். படி வழுக்கியது. கொட்டில் கதவு திறந்திருந்தது.

உள்ளே காற்றில்லை. ஆனாலும் இலைகள் அசைந்தன.

"இங்கயா இருக்கீங்க?"

விலக்கினாள். இலை. மறுபடி இலை. ஈர இலை கன்னத்தில் உரசியது. பிறகு தோல்.

நடுவரிசையில் நின்றுகொண்டிருந்தார். பிடிமானம் இல்லாமல் உட்காரக்கூட முடியாத மனிதர், தனியாக, நேராக நின்றார். மேல் சட்டை இல்லை. முகம் கூரைத் தாளை நோக்கி நிமிர்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதிலிருந்து மஞ்சளாக வந்தது. சத்தமில்லாமல். நிற்காமல். அவர் தோளில், மார்பில், சுற்றியிருந்த இலைகளில், எல்லாவற்றிலும் படிந்தது. அவள் இமைகளிலும்.

செம்பு விழுந்தது.

"வாங்க" என்றாள். "மேல போலாம். பனி இறங்குது. வாங்க."

அரிவாளைப் போட்டுவிட்டு, தினமும் செய்வதுபோலவே பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்தாள். தூக்கினாள். கனமே இல்லை. ஆனால் வரவில்லை. மறுபடி இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு.

அப்போது கேட்டது. நரநரவென்று. ஈரமண் வேரை விடும் சத்தம்.

குனிந்து பார்த்தாள்.

அவருடைய வலது குதிகால் மண்ணிலிருந்து ஒரு சாண் எழும்பியிருந்தது. அதன் அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று, முடிபோல மெலிந்தவையும் விரல்போலத் தடித்தவையுமாக, மண்கட்டிகளைக் கவ்வியபடி தொங்கின. அறுந்த நுனிகளில் நீர் கசிந்தது.

"மெதுவாடி" என்றார் ஜமன் சிங். குரலில் வலியே இல்லை. "இப்பத்தான் புடிச்சிருக்கு."

அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த முகத்தில் அவள் காணாத ஒன்று இருந்தது. இளைப்பாறிய முகம்.

பொடி உதிர்த்த ஆண் செடி அதிக நாள் நிற்காது. மஞ்சளித்து, காய்ந்து, தானே சாயும். இது அவளுக்குத் தெரியும். கத்த வேண்டும் என்று நினைத்தாள். ஓட வேண்டும் என்று நினைத்தாள். ஓடைக்கு அப்பால் கஸ்தி தீதி இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள். ஆனால் அவர் காலடியில் மண்டியிட்டாள். அவள் கைகளுக்கு ஒரு வேலைதான் தெரியும். அவர் பாதத்தை மெல்லக் கீழே அழுத்தினாள். அறுபடாத வேர்களைக் குழிக்குள் சுருட்டி வைத்தாள். இரு கையாலும் மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினாள். சாய்ந்து கிடந்த செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அடியில் ஊற்றினாள்.

பிறகு நிமிர்ந்தாள். கொட்டிலில் இருந்த அத்தனை பெண் செடிகளும் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருந்தன. அத்தனை கணுக்களிலும் வெள்ளை நூல்கள், காற்றே இல்லாத அந்த அறையில், அவருடைய திறந்த வாயை நோக்கி நீண்டன. தொட்டன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பழுப்பேறிச் சுருண்டன.