நெஞ்சுயரத்தில் ஒரு ப்ளக் பாயிண்ட்

சுவருக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஜெர்சனின் இமையில் ஒட்டியிருந்த வெள்ளைச் சொட்டு இடக்கண்ணிலா, வலக்கண்ணிலா... ஷாயிஸ்தாவுக்கு இப்போது நிச்சயமில்லை. வெளியே தூறியதா என்பதும்கூட. பின்னால் வந்த மழை அந்த நாளையும் நனைத்திருக்கலாம்.

"அக்கா, செவுத்துல சாயாதீங்க. ஈரம் கீது."

"அக்காவா? உங்களுக்கு நாப்பது இருக்கும் போல!"

"முப்பதுதாங்க. பெயின்ட்ட கழுவுனா இன்னும் கொறையும்."

பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள். தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அம்மா ஜஹீராவுக்கு மூட்டுவலி, படியேற முடியாது. தரைத்தளமாக ஏழு வீடுகள் பார்த்தாயிற்று. அவள் பெயரைக் கேட்டதும் ஏழிலும் ஒரே பதில்: "இப்பதான் வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்." இருக்கும் வீட்டை ஐந்து நாளில் காலி செய்தாக வேண்டும். முடிச்சூரில் இந்த வீட்டுக்காரர் பெயரே கேட்கவில்லை. வாடகையும் பாதி.

"ப்ளக் பாயிண்ட் ஏன் நெஞ்சு உயரத்துல இருக்கு?"

ஜெர்சனின் பிரஷ் நின்றது. அவள் கண்களைப் பார்த்தான். களைத்துப்போன, எதையாவது நம்பத் தவிக்கும் கண்கள்.

"கொழந்தைங்க கை வைக்காம இருக்கத்தான்."

அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள்.

அவன் அடுத்த தெருவில்தான் இருந்தான். குழாய் ஒழுகல், கேஸ் சிலிண்டர்... ஏதாவது சாக்கில் வந்து நின்றான். ஜஹீரா அவனுக்கும் சேர்த்து டீ போட்டார்.

நவம்பரில் ஏரி நிரம்பியது. மத்தியானத்துக்குள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஓடி வந்த ஜெர்சன் ஜஹீராவை முதுகில் தூக்கிக்கொண்டான். ஊறிய பெயின்ட் உரிந்து, ப்ளக்குக்குச் சற்றுக் கீழே பழைய வெள்ளத்தின் பழுப்புக் கோடு தெரிந்தது.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஓனர் சொல்லாதேன்னாரா?"

"சொன்னாரு... ஆனா அதுக்காக இல்ல. உண்மைய சொன்னா நீ போயிருப்ப. மறுபடி உன்ன எங்க பாக்குறது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வழுக்கிய இடத்தில் பிடித்த அவன் சட்டையை மேடு வரும்வரை விடவில்லை.

சேலையூரில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு அவனே பிடித்துக் கொடுத்தான். அவன் முதுகில் மாடியேறிய ஜஹீரா, பிப்ரவரியில் ஜனாஸாப் பெட்டியில்தான் இறங்கினார். வெள்ளத்தில் பிடித்த சளி கடைசிவரை விடவில்லை.

நாற்பதாம் நாள், தெருமுனையில் ஒதுங்கி நின்றவனிடம் அவளே போனாள்.

"உன்ன மன்னிக்கல. எப்பவும் மாட்டேன். ஆனா... அம்மாவப் பத்தி வேற யார்கிட்ட பேசுவேன்?"

அவன் அழுதான்.

ஜூனில் பதிவுத் திருமணம். இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. முடிச்சூர் வீட்டுக்கு வேறொருவன் பெயின்ட் அடித்தான். வேறொரு குடும்பம் குடிவந்தது. இவர்கள் சேலையூரிலேயே இருக்கிறார்கள். அங்கே ப்ளக் பாயிண்ட் முட்டி உயரத்தில் இருக்கிறது.