வெட்டப்படாத எண்கள்

பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைய வேண்டும். அணையவில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் சாமான் அறையில் நின்று லோரன்ஸ் அதையே பார்த்தான். மழைக்கு மூன்றாவது நாள். மதியம் போன கரண்ட் அப்போதுதான் திரும்பியிருந்தது. தகரக் கூரைமேல் மழை ஒரே சீராக இரைந்தது. அடுத்த அறையில் பாயில் உறங்கும் பன்னிரண்டு பிள்ளைகளின் வாடை, பால்மாவும் மூத்திரமும் ஈரக் கம்பளியும் கலந்து கதவிடுக்கு வழியாக வந்தது. பின்சுவருக்கு வெளியே மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர் கல்தொட்டியில் விழும் ஓசை, அங்கே இருப்பவர்கள் கேட்டுக் கேட்டுக் காதில் வாங்காமல் போன ஓசை, இடைவிடாமல் இருந்தது.

இரண்டு சிமிட்டல், பிறகு சிவப்பு. சிவப்பு எரிந்தால் பெட்டி மலையைக் காவல் காக்கிறது. பச்சை சிமிட்டிக்கொண்டே இருந்தால் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறது.

பேச அங்கே யாரும் இல்லை.

பெட்டியை அவன்தான் செய்தான். தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் அவன் எலக்ட்ரிசியன். நான்கு வருடங்களுக்கு முன், இரண்டாயிரத்து மூன்றில், பிள்ளைக்காம்பராவுக்கு மேலே தொழிலாளர்கள் குடியிருந்த லயம் ஒரு விடியற்காலையில் மண்ணோடு போனது. ஏழு பேரின் உடல் கிடைக்கவில்லை. அவர்களில் அவன் அம்மா செபஸ்தியம்மாவும் ஒருத்தி. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து விரல் நீளச் சிப்புகளை வாங்கி வந்தான், இரவல் புத்தகத்தைப் பார்த்து நிரல் எழுதினான், சரிவில் ஏழு இரும்புக் கம்பிகளை அறைந்து ஒவ்வொன்றிலிருந்தும் வயர் இழுத்தான். மண் நகர்ந்தால் வயர் அறும். வயர் அறுந்தால் சைரன் அலறும்.

சிப்புக்குள் முதலில் கண்விழிப்பது பூட்லோடர் என்ற சின்ன நிரல். கரண்ட் போய் வரும்போதெல்லாம் பெட்டி ஒருமுறை செத்துப் பிழைக்கும். பிழைத்ததும் பேக்டரிவரை போகும் வயரில் பூட்லோடர் குரல் கொடுத்து இரண்டு விநாடி காத்திருக்கும். அந்த முனையில் கம்ப்யூட்டர் பதில் சொன்னால், அது சொல்லும் புது நிரலைச் சிப்பில் எழுதிக்கொள்ளும். பதில் இல்லையென்றால் பழைய வேலைக்குப் போகும்.

"என்னங்க, ஆச்சா?"

அவன் மனைவி கேத்ரின் வாசலில் நின்றாள். இடுப்பில், பன்னிரண்டில் கடைக்குட்டி, கொழுந்து பறிக்கும் பூரணியின் எட்டு மாதப் பிள்ளை. பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"கொஞ்சம் பொறு."

"செவப்பு எரியலயே."

"வயர்ல ஈரம் எறங்கியிருக்கும். பேக்டரி பக்கம் பாத்துட்டு வந்துர்றேன்."

"நான் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிறவா? பீலித் தண்ணி காலையிலேருந்து செம்மண்ணா வருது."

சைரன் இதுவரை இரண்டு முறை அலறியிருந்தது. முதல் முறை மாடு வயரை இழுத்திருந்தது. இரண்டாம் முறை காரணமே தெரியவில்லை. அன்று மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அழகம்மா படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மூன்றாம் முறை இப்படி நடந்தால் வயரைத் தன் கையாலேயே அறுத்துவிடுவதாக, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

"வேணாம். சும்மா கெளம்புனா அதுவும் என் பெட்டி பண்ணுன கூத்துன்னுதான் சொல்லுவாங்க. வயர அறுத்துட்டா அப்புறம் ஒன்னுமே இல்ல. அரை மணி நேரம் குடு."

"ஊரு அரை மணியா, ஒங்க அரை மணியா?"

அவன் சிரித்தான். குடையை விரித்துக்கொண்டு இறங்கினான்.

பேக்டரிக்கு ஐந்து நிமிட நடை. மலையை மூடும் மிசுட்டு இறங்கியிருந்தது, தேயிலைச் செடிகள் இரண்டு வரிசைவரை தெரிந்தன, பிறகு வெள்ளை. வாட்டுகிற இலையின் பச்சை வாசனைதான் வழி காட்டியது. அவனுடைய அறை பேக்டரியின் பின்பக்கம், மோட்டார்களுக்கு நடுவே.

கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. பிள்ளைக்காம்பரா வயரின் முனை ஆணியில் தொங்கியது. இடிக்குப் பயந்து காலையில் அவனே கழற்றி மாட்டியது.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

பச்சை அணையாததற்குக் காரணம் இருந்தது. நீள வயரை இப்படி அந்தரத்தில் விட்டால் மின்னல், மோட்டார், எல்லாவற்றின் இரைச்சலையும் அது இழுக்கும். சிப் அந்த இரைச்சலைப் பதில் என்று நினைத்துக்கொள்ளும். புதிதாகச் செய்கிற எல்லாரும் விடுகிற பிழை. முனையில் ஒரு ரெசிஸ்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். இனி இரைச்சல் ஏறாது. பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் கரண்ட் லைனின் சுவிட்ச் அந்த அறையிலேயே இருந்தது. அதைத் தட்டிப் போட்டு பெட்டியை மறுபடி பிழைக்க வைத்தான். கம்ப்யூட்டரைப் போட்டு வயரை மாட்டினான். அனுப்பும் கம்பியை மட்டும் மாட்டாமல் விட்டான். கம்ப்யூட்டரால் இனிக் கேட்கத்தான் முடியும், பேச முடியாது.

"என்னா எலக்ட்ரிசன் தம்பி, இன்னிக்கு எத்தன மணிக்கு ஓடணும்?" வீரய்யா கதவில் சாய்ந்து நின்றார். முன்பு கங்காணி, முழங்கால் போன பிறகு இலை வாட்டும் மாடியில் வேலை. "முன்னாடியே சொல்லிட்டா பீடிய பத்த வைக்காம இருப்பேன்ல."

"இன்னிக்கு ஓட வேண்டாம் மாமா. பத்த வைங்க."

திரையில் எழுத்து வந்தது.

141. பக்கத்தில், 1.

ஒன்று என்றால் 'இருக்கேன்'. அவன் வைத்த குறி அது. எதையும் கூப்பிட்டுப் பதில் வாங்க அவனுக்குத் தெரிந்த முறை பெரட்டு. விடியற்காலையில் எல்லாரும் வரிசையில் நிற்க, கங்காணி செக்ரோல் என்ற பேர்ப் பதிவைப் பார்த்து எண்ணைக் கூப்பிடுவார். எண்ணுக்கு உரியவர் இருக்கேன் என்பார். பூட்லோடரையும் அப்படியே எழுதியிருந்தான். ஏழு கம்பிக்கு ஏழு எண். விழித்ததும் அது ஏழையும் கூப்பிடும்.

பதில் சொல்ல வேண்டியது இந்தக் கம்ப்யூட்டர். இதற்கு இப்போது வாய் இல்லை.

147. 1.

152. 1.

வீரய்யா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தார். "நூத்தி நாப்பத்தொன்னு நம்ம ஆண்டியப்பன் நம்பர்ல?"

லோரன்ஸ் திரையிலேயே கண்ணை வைத்திருந்தான்.

"தம்பி. இது அந்த ஏழு பேரு நம்பரு."

"வேற யாருக்கும் இல்லாத நம்பர் வேணும்னுதான் மாமா... அங்க கெடக்குறவங்களே காவலா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"உடம்பு கெடைக்கலன்னு ஆபிசுல இன்னும் அவங்க பேர வெட்டல. செக்ரோல்ல அப்புடியே இருக்கு. நாலு வருசமா அந்த எடம் வந்தா நாங்க தாண்டித்தான் போவோம். தெரியுமா ஒனக்கு? ஒருத்தரும் கூப்புட மாட்டோம்." அவர் பீடியைக் கீழே போட்டார். பற்றவைக்காத பீடி. "கூப்புட்டா வரணும்ல. வேலைக்கு வரணும்ல."

"வெறும் நம்பர் மாமா."

158. 1. 159. 1. 160. 1.

163.

பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒரு விநாடி. ஒன்றரை. லோரன்ஸ் மூச்சை விட்டான்.

1.

அது அவன் அம்மாவின் எண். செபஸ்தியம்மா பெரட்டில் எப்போதும் தாமதம். வாயில் வெற்றிலை இருக்கும். அதைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுத்தான் பதில் சொல்வாள். கங்காணி வீரய்யா தினமும் அதற்காக அவளை ஏசுவார்.

அவன் திரும்பிப் பார்த்தான். வீரய்யா போய்விட்டிருந்தார். மாடிப்படியில் அவருடைய நொண்டிக் கால் வேகமாக ஏறுவது கேட்டது.

திரையில் எழுத்துகள் நிற்கவில்லை. கூப்பிட்டு முடிந்தது, பதில் வந்தது, இனிப் பதில் சொன்னவர் எழுதலாம். யாரோ எழுதினார்கள். ஏழு எண்ணுக்குக் கீழே, சிப்பில் வெற்றாக இருக்க வேண்டிய இடத்தில், எட்டாவதாக ஒன்று ஏறியது.

226.

அது கேத்ரினின் எண்.

அனுப்பும் கம்பியை மாட்டினான். சிப் முழுவதையும் அழித்தான். தன் நிரலைப் புதிதாக ஏற்றினான். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கச் சொன்னான்.

பிழை. எட்டாம் இடம். எழுதியது வெற்று. படித்தது 226.

அழித்தான். எழுதினான். பிழை. எட்டாம் இடம் 226. ஒன்பதாம் இடம் 0.

சிப் பழுதாக இருக்கலாம். சில இடங்கள் அழியாமல் போவது உண்டு. அப்படித் தனக்குச் சொல்லிக்கொண்டு மறுபடி அழித்தான். அந்த ஏழு எண்களையும் எடுத்துவிட்டு, ஒன்றுமே இல்லாத பட்டியலை ஏற்றினான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அரை மணி எப்போதோ முடிந்து கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது.

பிழை. முதலாம் இடம் 141.

பிழை. 147. 152. 158. 159. 160. 163.

226.

0. 0. 0.

பூச்சியத்துக்கு என்ன பொருள் என்று அவன் யோசித்தான். எண் இல்லாதவர்கள். செக்ரோலில் இல்லாதவர்கள். தோட்டத்தில் வயது வந்த எல்லாருக்கும் எண் உண்டு.

0. 0. 0. 0. 0. 0. 0. 0.

எண்ணினான். பதினொன்று.

0.

பன்னிரண்டு.

நாற்காலி விழுந்தது. அவன் எடுக்கவில்லை. குடையையும் எடுக்கவில்லை.

மிசுட்டு இன்னும் இறுகியிருந்தது. பாதை தெரியவில்லை. கால் அறிந்த பாதை. மழை வாய்க்குள் போனது. "கேத்ரின்!" என்று கத்தினான். குரல் பத்தடிகூடப் போகவில்லை. படியில் வழுக்கி விழுந்தான். எழுந்தான். ஸ்கூலுக்குப் போயிறவா என்று கேட்டாள். வேணாம் என்றான். வேணாம் என்றது அவன்தான்.

தகரக் கூரை தெரிந்தது. சுவர் தெரிந்தது. நின்றது நின்றபடியே இருந்தது. ஜன்னலில் துணி தொங்கியது. அவனுக்கு அழுகை வந்தது.

பிறகு காதில் ஒன்று குறைந்தது.

மழை இருந்தது. தகரம் இரைந்தது. பீலி ஓடவில்லை.

மூன்று நாள் மழையில் கல்தொட்டியின் வாயில் ஒரு சொட்டு இல்லை. மேலே எங்கோ மண் இறங்கித் தண்ணீரை அடைத்துக்கொண்டு நின்றது.

கதவைத் தள்ளினான்.

பாய்கள் சுருட்டிச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் விழித்திருந்தார்கள். வரிசையில் நின்றார்கள். உயரம் பார்த்து நிறுத்திய வரிசை. முதலில் கேத்ரின். கடைசியில் பூரணியின் பிள்ளை, இன்னும் நிற்கப் பழகாத பிள்ளை, தன் இரண்டு காலில். எல்லார் முகமும் பின்சுவரைப் பார்த்து. மலைப்பக்கம்.

"கேத்ரின். வா. பிள்ளைங்கள தூக்கு. வா."

யாரும் திரும்பவில்லை.

சாமான் அறையின் கதவு திறந்திருந்தது. இருட்டுக்குள் பச்சை ஒருமுறை எரிந்தது.

"இருக்கேன்" என்றாள் கேத்ரின்.

பச்சை.

"இருக்கேன்." மூத்த பிள்ளை.

பச்சை. "இருக்கேன்."

அவன் கேத்ரினின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. நட்ட கம்பிபோல் இருந்தாள். கை குளிர்ந்திருந்தது. ஈரம். விரல்களுக்கு நடுவே செம்மண். கடைக்குட்டியைத் தூக்கப் பார்த்தான். எட்டு மாதப் பிள்ளை. தரையைவிட்டு வரவில்லை.

பச்சை. பச்சை. பச்சை.

குரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவசரமில்லாமல். பெரட்டில் வருவதுபோல. அவன் நடுவில் நின்று கத்தினான். எந்தக் குரலும் வரிசை தப்பவில்லை.

பச்சை எரிந்தது. அம்மா என்றுகூட இன்னும் சொல்லாத பிள்ளை வாயைத் திறந்தது.

"இருக்கேன்."

பன்னிரண்டு.

கூரையில் ஒரு கல் விழுந்தது. உருண்டது. இன்னொன்று. பிறகு அமைதி. மழைகூட எங்கோ தூரத்தில்.

பச்சை மறுபடி எரிந்தது.

வரிசையில் மிச்சம் ஆள் இல்லை. யாரும் பதில் சொல்லவில்லை. விளக்கு அணையாமல் காத்திருந்தது.

கேத்ரின் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகள், ஒவ்வொருவராக. அவனுடைய எண் எண்பத்தெட்டு. யாரும் அதைச் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒரு விநாடி.

பின்சுவருக்கு அப்பால், மிகக் கிட்டத்தில், சுவரோடு சுவராக, யாரோ பதில் சொல்ல வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்கள்.