சந்து இல்லாத பலகை

ரம்ப மெஷினின் அடிப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே மரத்தூள் மட்டும்தான் இருந்தது. தச்சர் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். தூள், தூள், மறுபடியும் தூள். மேலே, மெஷின் மேசையில், பிளேடுக்கும் அதைச் சுற்றியிருந்த இரும்புத் தகட்டுக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்குச் சந்து. காலையிலிருந்து சன்னல் சட்டத்துக்காக அறுத்தபோது கழிந்த மெல்லிய மரச்சக்கைகளில் பாதிக்கு மேல் அந்தச் சந்தில்தான் விழுந்தன. அவரே கண்ணால் பார்த்திருந்தார். விழுந்ததெல்லாம் எங்கே போயிற்று?

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ணா," என்றான் தம்பி. "அதுக்கும் சன்னல் போட்ட வீடு வேணும்ல?"

"வாய மூடிட்டு வேலையப் பாருடா."

தம்பியின் ஆட்காட்டி விரலில் கட்டு. மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து இந்த மெஷினை வாங்கி வந்த வாரமே ஒரு சக்கை சந்துக்குள் போக, விரலும் கூடவே உள்ளே போய்விட்டது. நுனித்தோல் போனதோடு தப்பித்தான். "யாரோ வெடுக்குனு இழுத்த மாதிரி இருந்துச்சுண்ணா," என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்குச் சிரிப்பு. தச்சருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பா போன பிறகு அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். இப்போது அவனுக்கே கைக்குழந்தை. அந்தக் கைக்கு ஒன்று ஆனால் அவன் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது?

சந்தையே அடைத்துவிட வேண்டியதுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் உட்கார்ந்தார். கைச்சக்கரத்தைச் சுற்றிப் பிளேடை அடியோடு இறக்கினார். இரும்புத் தகட்டைக் கழற்றி ஒரு பிளைவுட் துண்டின் மேல் வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து, அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, மேசைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி எடுத்துத் தேய்த்து, விரலால் தடவினால் மேசை எது பலகை எது என்று தெரியாதபடி உட்காரவைத்தார். துளையில்லாத அந்தப் பலகை பிளேடின் தலையை மூடிக்கொண்டது. அது எகிறாதபடி ஓரத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டுக் கிளாம்பால் இறுக்கினார். இனி மெஷினை ஓடவிட்டுச் சக்கரத்தை மெல்லச் சுற்றினால், பிளேடு தன் வழியைத் தானே அறுத்துக்கொண்டு மேலே வரும். அதன் கனத்துக்கு மேல் ஒரு மயிரிழைகூடக் கூடுதலாக வழி இருக்காது.

சுவிட்சைப் போட்டார். உறுமல் பலகைக்கு அடியில் அடைபட்டு, தலையணைக்குள் ஒருவர் கத்துவதுபோல் கேட்டது.

சக்கரத்தில் கை வைத்தார். பிளேடு இன்னும் பலகையைத் தொடவில்லை. அதற்குள் அடியிலிருந்து தட்டுகிற சத்தம். டக். டக். கதவைத் தட்டுவதுபோல.

"பேரிங் போயிருக்கும்ணா."

"இருக்கும்."

சுற்றினார். கருகிய மரவாசனை எழுந்தது. பலகையின் நடுவில் ஒரு கோடு கறுத்து, பிளந்து, பல் தெரிந்தது. தட்டுகிற சத்தம் நின்றது.

கிளாம்பையும் கட்டையையும் கழற்றிவிட்டு ஒரு சட்டத்தை அறுத்துப் பார்த்தார்கள். சக்கை மேசை மேலேயே கிடந்தது. எதுவும் உள்ளே போகவில்லை. பல நாளுக்குப் பிறகு தச்சருக்கு மூச்சு சீராக வந்தது. சுவிட்சை அணைத்து, பிளேடை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிப் போட்டார்.

தம்பி விளக்கைப் போடப் போனான். அப்போதுதான் தச்சர் பார்த்தார். கோட்டின் மேல் ஒரு சீவல் சுருள் நின்றுகொண்டிருந்தது. காற்றில்லை. மெஷின் ஓடவில்லை. சுருள் நடுங்கியது, நிமிர்ந்தது, நூலைப்போல நீண்டு அந்தக் கோட்டுக்குள் மெல்ல இறங்கியது. முழுவதும் இறங்கியது.

அவர் குனிந்து காதை வைத்தார். உள்ளே ஏதோ மென்றுகொண்டிருந்தது. நிறுத்தியது. அவர் கேட்பது தெரிந்ததுபோல.

"என்னண்ணா, மெஷினுக்கு நாடி பாக்குறியா?" தம்பி சிரித்துக்கொண்டே வந்து பலகையைத் தடவினான். "பொண்டாட்டி கன்னம் மாதிரி வழுவழுன்னு பண்ணிட்டியே!" உள்ளங்கையை நன்றாகப் பரப்பி அழுத்தினான்.

"கைய எடுடா."

"பிளக்கத்தான் புடுங்கிட்டியே."

"எடுங்கிறேன்ல!"

தம்பி எடுக்கப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது. தோள் மட்டும் பின்னால் போயிற்று. கை வரவில்லை.

"அண்ணா... ஒட்டிக்கிச்சு."

தச்சர் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பலகையோடு ஆணி அடித்ததுபோல் இருந்தது. பலகையை நெம்ப உளியைத் தேடினார். நுழைக்க இடமில்லை. மயிரிழை இடம்கூட இல்லை. அவர் கையால் தேய்த்துத் தேய்த்து இல்லாமல் ஆக்கிய இடம்.

கிறீச்.

"சக்கரத்தச் சுத்தாதண்ணா! நிறுத்து!"

"நான் சுத்தலடா."

சக்கரம் திரும்பிக்கொண்டிருந்தது. நிதானமாக. அவர் சுற்றிய அதே வேகத்தில். பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தார். கால் ஊன்றி எதிர்ப்பக்கம் முறுக்கினார். உள்ளேயிருந்து அது முறுக்கியது. அவரையும் சேர்த்துத் திருப்பியது.

பிளக் தரையில் கிடந்தது.

பலகைக்கு அடியில் பிளேடு சுழல ஆரம்பித்தது.

தம்பியின் விரல்களுக்கு நடுவே மரத்தூள் பொடிப்பொடியாக மேலே வந்தது. வெள்ளையாக. இன்னும் கொஞ்சம், வெள்ளையாக. பிறகு வெள்ளையாக இல்லை.