மூன்றாம் மாதிரி

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நாங்கள் சோதித்துப் பார்த்த மாதிரிகள் மூன்று என்றுதான் எழுதப்போகிறேன்; நான்கு இருந்திருக்கலாம். உடன் வேலை பார்த்த அஞ்சுகம் என்னிடம் பேசியது சாப்பாட்டுக்கூடத்திலா, படிக்கட்டிலா என்பதும் குழம்பிக் கிடக்கிறது. நடுவில் பதினோரு ஆண்டுகள் போய்விட்டன. அந்த ஆண்டுகளில் எனக்குச் சாதகமாக எதையெல்லாம் திருத்திக்கொண்டேன் என்று சொல்லித்தர இப்போது ஆளில்லை.

காலை ஏழரைக்கு வெந்நீர்த் தொட்டி திறக்கும். அது உறுதியாக நினைவிருக்கிறது. பதினேழாம் ஒப்புதல் கூடத்தின் வாசலில் நீளமான எஃகுத் தொட்டி, அதில் உப்பு போட்ட வெந்நீர். எண்பது பேரும் வரிசையாக நின்று வலக்கையை மணிக்கட்டுக்கு மேல்வரை முக்கிக்கொள்வோம். பத்து நிமிடம். பிறகு துடைத்துக்கொண்டு, இயந்திரங்களுக்காகக் குளிரூட்டப்பட்ட கூடத்துக்குள் போய், அவரவர் திரைமுன் உட்கார்ந்து சுட்டியின்மேல் கை வைப்போம். வெளியுலகத்தில் யாரும் மவுஸ் என்ற பொருளைத் தொட்டிராத காலம் அது. வாயால் சொல்லியும் கண்ணால் காட்டியும் எல்லோரும் தம் வேலையை முடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு மட்டும் சுட்டி இருந்தது. சட்டம் கையைத்தான் கேட்டது.

திரையில் வரும் ஒவ்வொரு கோப்பும் ஒரு வீடு. கடல் ஏறத் தொடங்கிய பிறகு, கரையில் எந்த வீட்டை வைத்திருப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவு செய்தது கணிப்பான் என்ற இயந்திரம். கைவிடுவதற்கு, எங்களை வேலைக்கு வைத்திருந்த கரையோர வாரியம் வைத்த பெயர் ‘விடுவிப்பு’. விடுவிக்கப்பட்ட வீட்டுக்குக் குடிநீரும் மின்சாரமும் நிற்கும். சாலையைச் செப்பனிட மாட்டார்கள். குடியிருந்தவர்களுக்கு உள்நாட்டில், மேட்டுக் குடியிருப்பில், குடும்பத்துக்கு ஓர் அறை. ஓர் இயந்திரம் மட்டும் சொல்லி ஒரு வீட்டை இருட்டாக்கக் கூடாது என்று மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதால் ‘உயிருள்ள கைச் சட்டம்’ வந்தது. ஒவ்வொரு விடுவிப்புக்கும் ஒரு மனிதக் கை ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும். ‘இல்லை’ என்று அழுத்தினால் அந்த வீட்டுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். காரணம் சொல்லத் தேவையில்லை.

தவறிப்போய்க்கூட யாரும் அழுத்திவிடக் கூடாது என்று, சட்டம் எழுதியவர்கள் பொத்தானைக் கடினமாக வைத்தார்கள். அரைக் கிலோ எடையைத் தள்ளுவதுபோல இருக்கும். ஒரு நாளைக்கு நானூறு முறை. மூன்றாம் ஆண்டில் மணிக்கட்டு வீங்கும். ஆறாம் ஆண்டில் காப்பி டம்ளரை இடக்கையால் எடுக்கப் பழகியிருப்போம். எனக்கு அது ஒன்பதாம் ஆண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலக்கு ஆளுக்கொன்று இல்லை, கூடம் முழுவதற்கும் சேர்த்து ஒன்று. ‘இல்லை’ அதில் சேராது. ஒருத்தி இல்லை என்றால் மற்ற எழுபத்தொன்பது பேரில் யாரோ கூடுதலாக ஓர் ‘ஆம்’ அழுத்த வேண்டும். அதனால்தான் எல்லோருக்கும் அஞ்சுகத்தின்மேல் ஆத்திரம். நாங்கள் மாதத்துக்கு நாலைந்து முறை மறுத்தால் அவள் ஒரு நாளில் அத்தனை மறுப்பாள். ஐம்பது வயது, நண்டோடைக் குப்பத்துக்காரி. கூடத்திலேயே மோசமான மணிக்கட்டு அவளுடையது; முழங்கைவரை வீக்கம்.

“இன்னாக்கா, இன்னிக்கி எத்தினி வூட்டக் காப்பாத்தப் போற?” என்று துளசிங்கம் தொட்டி ஓரத்தில் தினமும் கேட்பான். அவனுக்கு என் வயது. சத்தமாகப் பேசுவான்.

“உன் வூட்டுக் கோப்பு வரட்டும். அதுக்கு மட்டும் ‘ஆம்’ போட்டுர்றேன்” என்பாள்.

சிரிப்பு எழும். அதில் நட்பு இருக்காது.

எங்கள் கைகளைக் காட்டி நாங்கள் போட்ட வழக்கில் தொழிலாளர் நீதிமன்றம் அந்த ஐப்பசியில் தீர்ப்புச் சொன்னது. வலியில்லாத சுட்டி எங்கள் உரிமை. அதை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கை அதிகம் கெட்ட மூவர் தேர்வுக்குழு. மருத்துவர் எங்கள் மணிக்கட்டுகளைப் படமெடுத்து அஞ்சுகம், துளசிங்கம், நான் என்று பெயர் எழுதினார். மனுவில் அஞ்சுகமும் கையெழுத்துப் போட்டிருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சுட்டி செய்யும் நிறுவனத்திலிருந்து நஸ்ரின் என்ற பெண் வந்தாள். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்புவரை அளந்தாள். உள்ளங்கை அகலத்தை அளந்தாள். கட்டைவிரல் எவ்வளவு தூரம் விரிகிறது என்று பார்த்தாள். ஒன்பது ஆண்டில் யாரும் என் கையை அவ்வளவு கவனமாகத் தொட்டதில்லை. முதல் மாதிரி பழையதேதான், அடியில் ஒரு மெத்தை. இரண்டாவதில் கட்டைவிரலால் உருட்டும் பந்து; கை அசைய வேண்டாம், ஆனால் பொத்தான் பழைய பொத்தான். ஒவ்வொன்றையும் மூன்று நாள் பயன்படுத்தினோம். இரண்டாவது, வலியை மணிக்கட்டிலிருந்து கட்டைவிரலுக்கு மாற்றியது.

மூன்றாவது நிமிர்ந்து நின்றது. டம்ளரைப் பிடிப்பதுபோலப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவர் கை அச்சிலும் தனித்தனியே வார்த்தது. இளஞ்சூடாக இருந்தது. அதில் பொத்தானே இல்லை.

“இது தசையுணர் சுட்டி. அழுத்தவே வேணாம்” என்றாள் நஸ்ரின். “மனசு ஒரு முடிவுக்கு வந்தா நரம்பு தளரும். ரெண்டு நொடி தளர்ந்து கிடந்தா அது ‘ஆம்’. மறுக்கணும்னா கையை எடுத்துடுங்க. அவ்ளோதான்.”

“தூங்குனாக்கூடத் தளருமே” என்றாள் அஞ்சுகம்.

“தூங்கினா அதுக்குத் தெரிஞ்சிடும் மேடம்.”

“யோசிச்சா?”

நஸ்ரின் தன் கையிலிருந்த திரைப்பலகையைப் பார்த்தாள். “யோசிக்க ரெண்டு நொடி தாராளம் மேடம். இப்ப நீங்க எல்லாரும் சராசரியா ஒன்றரை நொடிதான் எடுக்கறீங்க.”

அந்தக் கணக்கு பொய்யில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் அவள் என்னைத் தேடி வந்தாள். சாப்பாட்டுக்கூடம் என்றே வைத்துக்கொள்கிறேன். தட்டை எனக்கெதிரே வைத்தாள், சாப்பிடவில்லை.

“வேதமுத்து, நீ எப்ப ‘இல்லை’ போடறேன்னு கவனிச்சிருக்கியா?”

“கோப்பப் படிச்சுட்டுத்தான்க்கா.”

“பொய்யி. பத்து அழுத்துனா ஒருவாட்டி கை உதறுறோமே, அப்பத்தான். ஆறு மாசமா எண்ணிக்கினு கீறேன். என்னுது, உன்னுது, அந்தத் துளசிங்கத்துது, எல்லாம். கை உதறுற நேரத்துல கண்ணுக்கு வேற வேல இல்ல. அப்பத்தான் அந்த வூட்டு போட்டோவப் பாக்குறோம். வாசல்ல கெடக்குற செருப்பப் பாக்குறோம். நோவு நின்னா பாக்கறதும் நின்னுடும்.”

“அதுக்காக ஆயுசு முழுக்க நோகணுமாக்கா?”

“தை மாசம் நண்டோடைக் கோப்பு வருது. இருநூத்திப் பன்னெண்டு வூடு. எந்தம்பி பொன்வேலு வூடும் அதுல கீது. சொந்தக்காரங்க கோப்ப என்கிட்ட குடுக்க மாட்டானுங்க. உங்க கைக்குத்தான் வரும். பழசே இருக்கட்டும்னு சொல்லு. ஒரு பத்து வூடாவது நிக்கும்.”

நான் வெகுநேரம் பேசவில்லை. என் பழக்கம் அது. பேசாமலிருப்பதை நான் ஒரு நல்ல குணம் என்று நம்பிவந்தேன். அவசரப்படாதவன், எதையும் நிறுத்துப் பார்ப்பவன் என்று. அன்று நிறுத்துப் பார்க்க எதுவுமில்லை. அவள்மேல் வெறுப்புதான் இருந்தது. என் வலியை ஏதோ பொதுக்கிணறுபோல அவள் வந்து கேட்டாள்.

“உங்க தெருவுக்காக எங்க எம்பது கையும் வீங்கணுமா?” என்றேன்.

“ஆமா” என்றாள். “கேக்கறதுக்கு வேற யாரு கீறாங்க?”

மறுநாள் சிறிய அறையில் மூவரையும் உட்கார வைத்தார்கள். மூன்றாம் மாதிரியின் கடைசி நாள் என்பதால் அதுவே எங்கள் கையடியில் இருந்தது. ‘மூன்றாம் மாதிரி இக்கூடத்துக்கு ஏற்றதா?’ என்று திரையில் கேள்வி வந்தது. இரண்டு பேர் சரி என்றால் போதும். துளசிங்கம் நாற்காலியில் சாய்ந்து கையைச் சுட்டியிலேயே விட்டான். அவன் பெயருக்கெதிரே ‘ஆம்’ வந்தது. அஞ்சுகம், சூடான எதையோ தொட்டவள்போலக் கையை எடுத்தாள். ‘இல்லை.’

நான் யோசித்தேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. முந்தின நாள் வெறுப்பு இரவில் வடிந்திருந்தது. அவள் சொன்ன செருப்பு நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒரு வீட்டை நான் விட்டுவைத்ததும் அப்படித்தான். மாடியில் யாரோ அரிசி காயவைத்திருந்தார்கள். அவள் சொல்வது உண்மையென்றால் என்ன செய்வது என்று எண்ணத் தொடங்கினேன். தொடங்கினேன், அவ்வளவுதான். என் பெயருக்கெதிரே ‘ஆம்’ வந்தது.

“நன்றி சார்” என்றாள் நஸ்ரின்.

“இரு” என்று அஞ்சுகம் எழுந்தாள். “அவன் யோசிச்சிக்கினு இருந்தான். இன்னும் முடிவு பண்ணல. மூஞ்சியப் பாத்தாத் தெரில? வேதமுத்து, நீயே சொல்லு.”

நஸ்ரின் என் பக்கம் திரும்பினாள். அவள் நேர்மையானவள்தான். “சார், மாத்தணும்னா சொல்லுங்க. கேள்விய இன்னொரு தடவை வைக்கலாம்.”

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். என் கட்டைவிரல் அதற்கென்றே குடைந்த பள்ளத்தில் கிடந்தது. ஒன்பது ஆண்டில் முதன்முறையாக என் கை இருப்பதே எனக்குத் தெரியவில்லை. கேள்வியை மறுபடி வைத்தால் கையை எடுக்க வேண்டியிருக்கும்.

“சார் வாயத் தொறக்கலன்னா அதான் பதிலு” என்றான் துளசிங்கம். “அடுத்த வேலயப் பாரும்மா. இந்தம்மாவுக்கு அவங்க குப்பம்; நமக்கு நம்ம கை.”

அஞ்சுகம் என் நாற்காலி அருகே வந்தாள். தன் வீங்கிய விரல்களால் என் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். மேசை சில்லென்றிருந்தது.

“நல்லா கீதா?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்குக்கா” என்றேன். சொன்னேனா, மனதுக்குள் நினைத்தேனா என்று தெரியவில்லை. அவள் முகம் மாறிய விதத்தைப் பார்த்தால் சொல்லியிருக்க வேண்டும்.

மார்கழியில் வெந்நீர்த் தொட்டியைக் கழற்றி எடுத்துப்போனார்கள். எண்பது பேருக்கும் புதிய சுட்டி வந்தது. கூடத்தில் கை உதறும் சத்தம் நின்றது. அது அத்தனை பெரிய சத்தமென்று நின்ற பிறகுதான் தெரிந்தது.

நண்டோடைக் கோப்புகள் தை மாதம் ஒரு வியாழக்கிழமை வந்தன. அஞ்சுகத்துக்கு அன்று கட்டாய விடுப்பு. என் பங்குக்கு முப்பத்தொன்று. பொன்வேலு வீட்டுக்காவது கையை எடுத்துவிடுவது என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். கோப்பில் பெயர் இருக்காது; எண்ணும் படமும் மட்டும். பதினாலாவதோ பதினைந்தாவதோ, பச்சைக் கதவு, மேலே சுருட்டிவைத்த வலை, படியில் வாயில் விரல் வைத்த ஒரு பெண்குழந்தை. அஞ்சுகத்தின் தம்பிக்குப் பெண்குழந்தை உண்டா என்று யோசித்தேன். அடுத்த வீடு வந்துவிட்டது. பதறிப்போய்க் கையை எடுத்தேன். கதவில்லாத ஒரு படகுக் கொட்டகை இரண்டு ஆண்டு அவகாசம் பெற்றது.

மீதி வீடுகளில் நான் வேகமாக இருக்க முயன்றேன். ஆனால் வேகமாக யோசிப்பது என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் எண்ணம் ஒரு வாக்கியமாகத் திரளும் முன் கை பதில் சொல்லிவிட்டது. கை என்னை ஏமாற்றவில்லை. அது சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். கூடம் அன்றைய இலக்கைப் பிற்பகல் மூன்றுக்கே தொட்டது. சிலர் கைதட்டினார்கள். வலியில்லாமல் கைதட்ட முடிகிறது என்று யாரோ சொன்னதும் எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுப் பதினொன்று விடுவிக்கப்பட்டன.

துளசிங்கம் இப்போது மூன்று கூடங்களுக்கு மேற்பார்வையாளன். நஸ்ரின் அந்த நிறுவனத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக் கட்டில்கள் செய்யும் இடத்தில் இருக்கிறாள். பொன்வேலு மேட்டுக் குடியிருப்பில் ஒன்பதாம் மாடியில் மனைவியோடும் இரண்டு மகன்களோடும் இருக்கிறான். அவனுக்குப் பெண்குழந்தை இல்லை. பச்சைக் கதவு வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரித்ததில்லை. அஞ்சுகம் வேலையை விட்டுவிட்டுக் குப்பத்துக்கே திரும்பிப் போனாள். தண்ணீரும் விளக்கும் இல்லாத தம்பி வீட்டில் இரண்டு கோடை இருந்து, மூன்றாவதில் வயிற்றுப்போக்கில் இறந்தாள். நான் இன்னும் பதினேழாம் கூடத்தில் வேலை செய்கிறேன். நண்டோடைக்குக் கடல் இதுவரை வரவில்லை.