புள்ளி இல்லாத சூரியன்

சூரியனே காலை வாரிவிட்டால் சிட்டு என்னதான் செய்வாள்?

அன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஆறாம் வகுப்புச் சிட்டு, அண்ணனின் பழைய தொலைநோக்கியை மைதானத்தில் நிறுத்தியிருந்தாள். சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். அதனால் தொலைநோக்கிக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டை வைத்திருந்தாள். அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சூரியன் பளிச்சென்று விழுந்தது.

பக்கத்தில் அண்ணன் ஐந்து வருடங்களுக்கு முன் வரைந்த படம் தொங்கியது. அதில் சூரியனுக்கு அம்மை போட்டதுபோல அத்தனை கறுப்புப் புள்ளிகள்!

அவள் கூட்டாளி வாலு, "சூரியன்ல புள்ளி காட்டப்போறோம்!" என்று பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தான். வரிசை நீண்டுகொண்டே போனது. அட்டையில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

இது புள்ளிகள் குறையும் காலம் என்று சிட்டு படித்திருந்தாள்தான். ஒன்றிரண்டாவது தேறும் என்று நம்பியிருந்தாள். இப்போது அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடினாள்.

"பென்சிலால ஒண்ணு வெச்சிடலாமா?" வாலு கிசுகிசுத்தான்.

"உதை விழும்!"

சற்று நேரத்தில் வாலு துள்ளிக் குதித்தான். "இதோ புள்ளி! நான்தான் கண்டுபிடிச்சேன்!"

எல்லாரும் கைதட்டினார்கள். தலைமை ஆசிரியைகூட "சபாஷ்!" என்றார். வாலுவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

சிட்டு குனிந்து பார்த்தாள். அட்டையில் சூரியன் மெல்ல நகர்ந்தது. புள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. நிஜப் புள்ளியானால் சூரியனோடு சேர்ந்து நகர்ந்திருக்குமே! அவளுக்குச் 'சுருக்'கென்றது. சொன்னால் வாலுவின் மானம் போகும். சொல்லாவிட்டால் இத்தனை பேரும் ஒரு பொய்யை நம்பி வீட்டுக்குப் போவார்கள்.

"டேய், நீ கண்டுபிடிச்சதை நீயே சோதிச்சுடு," என்றாள். "பின்னாடி இருக்கிற இந்தக் குட்டி லென்ஸை மெதுவாத் திருப்பு. சூரியனோட புள்ளின்னா கூடச் சுத்தாது. லென்ஸ்ல இருக்குதுன்னா கூடவே சுத்தும்."

வாலு திருப்பினான். புள்ளி ஜோராக வட்டமடித்தது.

"ஐயய்யோ, தூசி!" அவன் முகம் தொங்கிப்போனது.

"அண்ணா, நானும் சுத்தட்டுமா?" என்றாள் முன்னால் நின்ற ஒன்றாம் வகுப்புக் குட்டி. "நானு, நானு!" என்று வரிசையே கத்தியது.

வாலு நிமிர்ந்தான். "தள்ளாதீங்க! ஒவ்வொருத்தரா வாங்க. தூசியைப் பிடிக்கிறது எப்படின்னு நான் காட்டுறேன்!"

தலைமை ஆசிரியை சிரித்தார். "அது சரி, நிஜப் புள்ளி எங்கம்மா?"

"இன்னைக்கு இல்லை மிஸ்," என்றாள் சிட்டு. "அண்ணன் வரைஞ்சதும் இதே சூரியன்தான். புள்ளிங்க வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகும். அப்புறம் குறைஞ்சுக்கிட்டே வந்து, இப்படி ஒண்ணுமே இல்லாத நாளும் வரும். மறுபடி கூடும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய பதினோரு வருஷம். அண்ணன் பார்த்தது நிறைய இருந்தப்போ. நாம பார்க்கிறது ஓய்ஞ்சிருக்கிறப்போ."

எல்லாரும் படத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெறும் அட்டை இப்போது யாருக்கும் வெறுமையாகத் தெரியவில்லை.

"மறுபடி எப்போக்கா நிறைய வரும்?" என்றாள் குட்டி.

"இன்னும் அஞ்சு வருஷம் போல ஆகும்."

குட்டி விரல்விட்டு எண்ணினாள். "அப்போ நான் ஆறாங்கிளாஸ்! டெலஸ்கோப்பை நான்தான் வெப்பேன். நீங்கல்லாம் வரிசையில நிக்கணும்!"

வாலு உடனே போய் அவள் எதிரே முதல் ஆளாக நின்றுகொண்டான்.